ஆணி அடிக்காத வெள்ளிக்கிழமை

மகனே,

திருமண நாள் நெருங்கும்போது தகப்பன் எழுதும் கடிதம் ஆசீர்வாதத்தில் தொடங்க வேண்டும் என்பது நம் குடும்பத்து முறை. என் தகப்பனார் எனக்கு அப்படித்தான் எழுதினார். நான் உனக்கு ஒரு சுவரைப் பற்றி எழுதித் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்ததும் நீ தொலைபேசியில் பேசினாய். "அப்பா, அந்த மேக்குச் சுவத்துப் பூச்ச உடைச்சுப் புதுசாப் பூசுங்க. இல்லேன்னா கல்யாணம் முடிஞ்சு அவளக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்கு வர மாட்டேன். அந்தச் சந்து வழியா அவ நடக்குறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். பூச்சில் வெடிப்பு விட்டதிலிருந்து, ஒரு வருடமாக நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய், ஒரு வருடமாக நான் மறுத்துக்கொண்டிருந்தேன். காரணம் உனக்கும் தெரியும். அந்தச் சுவரில் உன் அம்மா தட்டுகிறாள் என்று நான் நம்பினேன். உடைத்தால் அந்தச் சத்தம் போய்விடும். உடைக்காமல் விட்டால் அது யார் தலையிலாவது விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். இதை உனக்கு அனுப்பும்போதே ஒரு படியைத் திருச்சபையின் மாத இதழுக்கும் அனுப்புகிறேன். பல வருடங்களாக அந்த இதழில் பக்தியைப் பற்றிப் பிறருக்குப் போதித்து எழுதியவன் நான். இதையும் அவர்கள் படிப்பதுதான் நியாயம்.

அந்தச் சுவர் பூசப்பட்ட கதையை நீ முழுதாக அறியமாட்டாய். ஒன்பது வருடங்களுக்கு முன், பழங்காநத்தத்து வீட்டுக்கு நாம் மாடி எடுத்த சமயம் நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். கீழே பழைய செங்கல் சுவர், அதை ஒட்டிப் புதிதாக எழுந்த கான்கிரீட் தூண்கள், மேலே புதுச் சுவர். உசிலம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் சோலைமலை மேற்குச் சுவரை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது வெயில் மொத்தமும் வாங்குற சுவரு. செங்கல்லு ஒரு பக்கம் இழுக்கும், கான்கிரீட்டு ஒரு பக்கம் இழுக்கும். வெறும் பூச்சு நிக்காது. கம்பி வலை அடிச்சுத்தான் பூசணும்" என்றான். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலையைப் போன்ற கம்பி வலைதான். அதைச் சுருள் சுருளாக வாங்கி, மாடி உச்சியிலிருந்து திரைச்சீலை போலத் தொங்கவிட்டான். சாரத்தில் நின்றபடி மேலிருந்து கீழாக ஒரு சாணுக்கு ஒன்று என்று ஆணி அடித்துக்கொண்டே இறங்கினான். ஒவ்வோர் ஆணிக்கும் பின்னால் ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகினான். ஏன் என்று உன் அம்மா கேட்டாள். வலை சுவரோடு ஒட்டிக் கிடந்தால் கலவை அதன் பின்னே போகாது, ஒரு விரல் அளவு விலகி நின்றால்தான் கலவை வலையைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் என்று அவன் விளக்கினான். கேட்டது அவள், விளக்கியது அவன். நான் அருகில் நாற்காலியில் தவக்காலத் தியானப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டிருந்தேன். இருவர் பேச்சும் என் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.

வியாழக்கிழமை மாலை ஆணி வரிசை சுவரின் நடுப்பாகத்துக்கு வந்திருந்தது. நம் கீழ்வீட்டுச் சன்னலின் மேல்விளிம்புக்கு இரண்டு முழம் மேலே என்று வைத்துக்கொள். அதற்குக் கீழே வலை தளர்ந்து தரைவரை தொங்கியது. சோலைமலை இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு, "நாளைக்குக் காலையில வந்து மிச்சத்த அடிச்சுருவேன்யா. சனிக்கிழம பூச்சாளுக வாராக. நான் குலசாமி கும்பிட ஊருக்குப் போறேன்" என்றான். நாளை பெரிய வெள்ளி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் குடும்பத்தில் என் தாத்தா காலம் முதல் பெரிய வெள்ளியன்று யாரும் ஆணியைத் தொட்டதில்லை. அன்று சுத்தியல் எடுத்தவன் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கூட்டத்தில் ஒருவனாக நின்றவன் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. "நாளைக்கு இந்த வளாகத்தில் ஆணி சத்தம் கேட்கக் கூடாது" என்றேன். சோலைமலை தலையைச் சொறிந்தான். "ஆணியில்லாத வலை காயப்போட்ட வேட்டி மாதிரிங்கய்யா. காத்தடிச்சா ஆடும், அம்புட்டுத்தான்" என்றான். உன் அம்மா சிரித்தாள். பிறகு என்னிடம், "அவரு ஆண்டவரு. எந்த ஆணி எதுக்குன்னு அவருக்குத் தெரியாதா? கீழ சந்துல சனம் நடக்குது, பேச்சி இஸ்திரி வண்டி போட்டு நிக்கிறா. வேலைய முடிக்க விடுங்க" என்றாள். நான் அவளுக்கு அரை மணி நேரம் போதித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் மும்மணி ஆராதனைக்கு அவள் வரவில்லை. தலைவலி என்றாள். பன்னிரண்டு மணிக்கு நான் தனியே போனேன், மூன்று மணி வரை கோயிலில் இருந்தேன், திரும்பி வந்து உன் அம்மா காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைக் குடித்து உபவாசம் முடித்தேன். சனிக்கிழமை பூச்சு ஆட்கள் வந்தார்கள். கலவை குழைத்துக்கொண்டிருந்த பெரியவர் சுவரைப் பார்த்து, "ஐயா, நடுவுல வலை தொங்குதே, பூசவா?" என்றார். உயிர்த்தெழுதல் முடியும்வரை ஆணி கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். திங்கள் வரை காத்திருக்க அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. "பூசுங்கள். கலவையே வலையைப் பிடித்துக்கொள்ளும்" என்றேன். சோலைமலையின் மேல் நீ பழி சொல்லிக்கொண்டிருந்தாய். அவன் அன்று ஊரிலேயே இல்லை. சொன்னவன் நான். தொழில் அறியாதவன், தொழில் அறிந்தவரைப் பார்த்து, பக்தியின் பெயரால் சொன்ன சொல் அது.

அதன்பின் ஐந்து வருடங்கள் அந்தச் சுவரை நான் நினைக்கவில்லை. உன் அம்மாவை அடக்கத்துக்கு எடுத்துப் போன காலையில்தான் அது முதலில் சத்தமிட்டது. பெட்டியின் முன்மூலை உன் தோளில் இருந்தது. சந்து குறுகல். திருப்பத்தில் நீ கால் இடறினாய், பெட்டி சுவரில் இடித்தது. ஒரு சத்தம் எழுந்தது. பானைக்குள்ளிருந்து எழுவது போன்ற, உள்ளே இடம் இருக்கிறது என்று சொல்லும் சத்தம். பாடிக்கொண்டிருந்தவர்கள் அரை அடி பாட்டை விட்டுவிட்டார்கள். அது பெட்டியிலிருந்து வந்ததா, சுவரிலிருந்து வந்ததா என்று நான் அன்று யாரையும் கேட்கவில்லை. நீயும் திரும்பிப் பார்த்தாய், நினைவிருக்கிறதா? உன் கண்கள் என் கண்களைச் சந்தித்தன, உடனே விலகின. அந்த ஒரு கணத்தைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

அடுத்த தவக்காலத்தில் தட்டும் சத்தம் தொடங்கியது. பங்குனி வெயில். பிற்பகல் மூன்று மணி இருக்கும். முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தேன். என் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரின் மறுபுறத்தில், யாரோ விரல்முட்டியால் தட்டுவது போல ஒன்று, பிறகு ஒன்று. சந்தில் போய்ப் பார்த்தேன். வெயில் தவிர ஒருவரும் இல்லை. மறுநாளும் அதே வேளையில் கேட்டது. ஒரு வாரத்தில் நான் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று. சில நாள் குறையும், பதினொன்றுக்கு மேல் ஒருபோதும் போகாது. மேகமூட்டமான நாட்களில் சுவர் ஊமையாக இருக்கும். அதை வைத்தே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். வெயிலில் வலை விரிகிறது, பொள்ளலாக, உள்ளே காலியாக நிற்கும் பூச்சு அதன் மேல் அசைகிறது, அவ்வளவுதான் என்று எந்தக் கொத்தனும் சொல்லியிருப்பான். ஆனால் நான் வாழ்நாளெல்லாம் தமிழாசிரியனாகப் பாட்டுகளுக்குப் பொருள் சொல்லிப் பிழைத்தவன். பொருள் இல்லாத ஒலியை என்னால் சும்மா விட முடியாது. மூன்று மணி, ஆண்டவர் உயிர்விட்ட வேளை. பதினொன்று, ஒருவன் காட்டிக்கொடுத்துப் போனபின் எஞ்சி நின்ற சீடர்களின் தொகை. கலைந்து போகாமல் நில் என்று அவள் எனக்குச் சொல்லி அனுப்புகிறாள் என்று உரை எழுதிக்கொண்டேன். சுவர்கள் இடிவதையும், சுவரில் ஒரு கை எழுதுவதையும் சிறுவயது முதல் வேதத்தில் வாசித்தவனுக்கு, சுவரில் ஒரு கை தட்டுவது நம்ப முடியாததாகப் படவில்லை.

ஒருநாள் நான் திருப்பித் தட்டினேன். உன்னிடம் இதை நான் சொன்னதில்லை. அவள் தட்டி முடித்திருந்தாள். எழுந்து நின்று, கையை உயர்த்தி, என் விரல்முட்டியால் மூன்று முறை தட்டினேன். அறையில் மின்விசிறிகூட நின்றிருந்தது, மின்சாரம் இல்லாத வேளை. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுவருக்குள் எதுவோ சரிந்து இறங்கியது. மணல் சரிவது போல, அல்லது ஒருவர் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்காருவது போல. அப்போது எனக்குள் ஒன்று எழுந்தது. பயம் என்று சொல்லமாட்டேன். அதைவிட மோசமான ஒன்று, மகனே: மகிழ்ச்சி. அன்றிலிருந்து எந்த ஊருக்கும் நான் இரண்டு நாளுக்கு மேல் போனதில்லை. உன்னோடு வந்து இருக்கும்படி நீ அழைத்தபோதெல்லாம் ஒத்துக்கொள்ளாத தண்ணீரையும் மூட்டுவலியையும் காரணம் சொன்னேன். அவை பொய். மூன்று மணிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது.

இனி பேச்சியம்மாளுக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக நம் மேற்குச் சந்தில், காலை நிழலில், இஸ்திரி வண்டி போட்டுப் பிழைக்கிறவள். சென்ற மாதம் ஒரு காலை, தட்டு அகலத்துக்கு ஒரு பூச்சுத் துண்டு அவள் வண்டிக்கு முன்னால் விழுந்து உடைந்தது. மடித்து அடுக்கிய துணிகளின் மேலெல்லாம் செம்மண் போலத் துருத்தூள். அவள் கதவைத் தட்டி, "ஐயா, சுவரு சட்டையக் கழட்டுது. அடுத்தது என் மண்டையிலதான்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டுத்தான் சுவர் வெடிக்கிறது. வண்டியை எதிர்ப்புறம் தள்ளிப் போடு" என்றேன். "ஏன்யா, என் பெட்டிக்கு அம்புட்டுச் சூடு இருந்தா நான் ஊரான் சட்டையவா தேய்ச்சுக்கிட்டு நிப்பேன்? ஆலை வச்சிருக்க மாட்டேன்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வண்டியை எதிர்ப்புறம் வெயிலில் தள்ளிக்கொண்டு போனாள். விழுந்த துண்டுகளை நான் பெருக்கி எடுத்து மூட்டையாகக் கட்டி மாடிப்படிக்கு அடியில் ஒளித்தேன். துண்டு விழுந்த விஷயத்தை உனக்குச் சொன்னவள் அவள்தான் என்று தெரிந்ததும் அவள்மேல் கோபம் கொண்டேன். ஒரு சத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனுஷியின் தலையைப் பணயம் வைத்திருக்கிறேன் என்பது, நீ ஞாயிறன்று பேசி முடித்த பிறகுதான், அதுவும் நீ உன் மனைவியாக வரப்போகிறவளின் தலையைச் சொன்னபோதுதான், எனக்கு விளங்கியது. பேச்சியம்மாளின் தலை எனக்குப் போதவில்லை. இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை சோலைமலைக்குச் சொல்லி அனுப்பினேன். செவ்வாய் காலை வந்துவிட்டான். முடி நரைத்திருக்கிறான், குரல் மாறவில்லை. சாரம் கட்டி, உளியின் பின்புறத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனான். மேற்பாகம் கட்டியாக ஒலித்தது. நடுவில் பானைச் சத்தம். "இந்தப் பட்டை மட்டும்தான்யா சுவர விட்டுருக்கு" என்று சொல்லி, முனையில் உளியை வைத்து ஒரு நெம்பு நெம்பினான். ஒரு கதவு அளவுக்குப் பூச்சு முழுசாகப் பெயர்ந்து சந்தில் விழுந்தது. அதன் பின்முகத்தில் வலையின் அச்சு மீன் செதில் போலப் பதிந்திருந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. கீழ்ப்பாகத்துக்கு வந்தபோது உளி வழுக்கியது. இரண்டு அடி, மூன்று அடி. "இந்த எடம் விட மாட்டேங்குதே" என்று முணுமுணுத்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். கீழே ஆணி இல்லை, அது முதலில் விழ வேண்டிய பகுதி என்றேன். அவன் பொடிப்பொடியாகக் கொத்திச் செங்கல் தெரியும் வரை எடுத்தான். பிறகு வேலையை நிறுத்திவிட்டான்.

"ஐயா, கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். அவன் மேலே கைகாட்டினான். "வியாழக்கிழம நான் விட்டுட்டுப் போன வரிசை அந்தா இருக்கு. அது என் கை." பிறகு விரலைக் கீழே கொண்டுவந்தான். "இது யாரு கை?"

தரையிலிருந்து ஒரு பெண் கையை உயர்த்தினால் எட்டும் உயரம்வரை ஆணிகள் இருந்தன. நேராக ஒன்றுகூட இல்லை. சில பாதி மடங்கி, மடங்கிய பின்னும் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓட்டுச் சில்லு ஒன்று ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தது. சோலைமலை ஒன்றைத் தடவிப் பார்த்தான். "கொத்தன் அடிச்சது இல்ல. ஆனா சில்லு வைக்கத் தெரிஞ்சுருக்கு. சாய்மானம் பூராவும் மறுபக்கம் இருக்குய்யா. இடக்கைக்காரவுக வேல." நம் வீட்டில் இடது கையால் தாளிதம் கிளறியவள், இடது கையால் எழுதியவள், உன் நெற்றியில் இடது கையால் சிலுவை போட்டவள் ஒருத்திதான். நான் எண்ணினேன். எண்ண வேண்டாம் என்று என் மனம் கெஞ்சியது, எண்ணினேன். பதினொன்று.

அந்தப் பெரிய வெள்ளியின் மாலை எனக்குத் திரும்பி வந்தது. அவள் வலது கட்டைவிரல் கறுத்து வீங்கித் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். "அம்மியில நசுங்கிருச்சு" என்றாள். இப்படிப்பட்ட நாளில் அம்மியில் அரைத்துச் சுவையாகச் சாப்பிட வேண்டுமா என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கி என் முன் வைத்தாள். ஆணியைப் பற்றி ஆயர் பிரசங்கம் செய்துகொண்டிருந்த வேளையில், நான் கண்ணீரோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், அவள் வெயிலில் தனியே நின்று, நான் பாவம் என்று சொன்ன காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள். எட்டிய வரை அடித்தாள். எட்டாத இடம் நடுவில் நின்றுபோயிற்று. பூச்சுப் பெரியவர் அன்று சொன்னதும் "நடுவுல தொங்குதே" என்பதுதான். நடுவில் மட்டும் ஏன் தொங்குகிறது, கீழே ஏன் தொங்கவில்லை என்று நான் கேட்டிருந்தால் போதும். ஒரு சொல்லை வைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கத் தெரிந்த நான் அந்தச் சொல்லைக் கேளாமல் விட்டேன்.

மகனே, ஆணி என்ற சொல் நம் மொழியில் பெருமையாக வழங்குவது உனக்குத் தெரியும். உயர்ந்த பொன்னை ஆணிப்பொன் என்கிறோம், உயர்ந்த முத்தை ஆணிமுத்து என்கிறோம், மரத்தை நிறுத்துவதை ஆணிவேர் என்கிறோம். இவற்றையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிக்காட்டியவன். என் வீட்டில் எனக்கு ஆணி என்றால் தைக்கிற ஒன்று, காயப்படுத்துகிற ஒன்று, அஞ்சி விலக வேண்டிய ஒன்று. அவளுக்கு அது தாங்குகிற ஒன்று. அவள் தவறு செய்ததாக நான் இப்போது நினைக்கவில்லை. அவள் அதை என்னிடம் மறைத்ததைத்தான் இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறைக்க வேண்டிய மனிதனாக நான் இருந்தேன். நான் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, தலைவலி என்று சொல்லிக்கொண்டு, என் வீட்டுச் சுவர் விழாமல் இருப்பதற்கான வேலையை அவள் களவாகச் செய்ய வேண்டியிருந்தது. உன் திருமணத்துக்கு என்னிடம் இருக்கும் புத்தி இது ஒன்றுதான். நீ வெளியே போகும் நேரத்துக்காக உன் மனைவி காத்திருந்து செய்யும் நல்ல காரியம் என்று ஒன்று உன் வீட்டில் இருக்க வேண்டாம். அப்படி ஒன்று இருந்தால் குற்றம் அவளிடம் இல்லை.

இதோடு முடித்திருப்பேன். நேற்றுப் புதன்கிழமை நடந்ததையும் சொல்லாவிட்டால் உனக்கு நான் பாதி உண்மை சொன்னவனாவேன்.

சோலைமலை பழைய வலையை வெட்டி அகற்றிவிட்டுக் கலவை மணல் பார்க்க ஆரப்பாளையம் பக்கம் போயிருந்தான். அவளுடைய ஆணிகளைப் பிடுங்கவா என்று முன்னமே கேட்டான். வேண்டாம், அதன்மேலேயே புது வலையை விரி என்று சொல்லியிருந்தேன். சுவர் செங்கல் தெரிய வெறுமையாக நின்றது. வலை இல்லை, பூச்சு இல்லை, பொள்ளல் இல்லை. பேச்சியம்மாள் வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளி வந்துவிட்டாள். ஈஸ்டருக்கு ஊர்த்துணி முழுவதும் குவிந்திருந்ததால் பிற்பகலிலும், தலைக்குமேல் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே அதே நாற்காலியில் இருந்தேன். இனி ஒன்றும் கேட்காது என்று எனக்குத் தெரியும். அந்த அமைதிக்கு என்னைப் பழக்கிக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குக் கேட்டது.

என் தலைக்கு மேலே இல்லை. கீழே, என் தோள் உயரத்தில். முதலில் மந்தமாக ஒன்று. பிறகு சற்றுக் கூர்மையாக ஒன்று. பிறகு இறுகி, உயர்ந்து, கல்லில் போய் முட்டுகிற ஒலி. ஒரு நிறுத்தம். மறுபடி மந்தமாகத் தொடங்கியது. நான் எண்ணவில்லை. எண்ணுவதற்கு அவசியம் இருக்கவில்லை. வாழ்நாளில் சுத்தியல் பிடித்தவன் யாராக இருந்தாலும் அந்த ஒலியின் ஏற்றத்தை அறிவான். ஆணி உள்ளே இறங்க இறங்க ஒலி அப்படித்தான் ஏறும். நான்கு வருடமாக அவள் தட்டுகிறாள் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த வினைச்சொல் பிழை. அவள் தட்டவில்லை. அடித்துக்கொண்டிருந்தாள். என்னை அழைக்கவில்லை. வேலையில் இருந்தாள்.

வெளியே போனேன். பேச்சியம்மாள் சுவரை நோக்கியபடி சிலையாக நின்றிருந்தாள். இஸ்திரிப் பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் வைத்தபடியே இருந்தது, துணி கருகிப் புகைந்தது. நான் பெட்டியைத் தூக்கி நிறுத்தினேன். அவள் என்னைப் பார்க்காமலே, "ஐயா, சுவருதான் மொட்டையா நிக்கிதே, யாருய்யா அடிக்கிறது?" என்றாள். அடிக்கிறது என்றுதான் சொன்னாள், மகனே. தட்டுகிறது என்று சொல்லவில்லை. நான் நான்கு வருடத்தில் கேளாததை அவள் ஒரே முறையில் கேட்டாள். "உனக்கும் கேட்டதா?" என்றேன். "கேக்காம? பல்லு கூசுது" என்றாள். பிறகு, தாழ்ந்த குரலில், "அம்மா கையி மாதிரி இருக்குய்யா" என்றாள். பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று சந்தில் நின்று அவள் எதைப் பார்த்தாள், யார் அவளைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது என்பதை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கருகிய சட்டைக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் சோலைமலை வந்தான். "மணலு நல்லாருக்குய்யா. புது வலையும் வந்துருச்சு. ஆனா நாள மறுநாளு உங்களுக்குப் பெரிய வெள்ளில்ல? எனக்குத் தெரியும்யா, நான் மறக்கல. திங்கக்கிழம வாரேன்" என்றான்.

"வெள்ளிக்கிழமையே வா" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஐயாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?"

"பன்னிரண்டு மணிக்கு வா. மூன்று மணி வரை அடி."

ஆயரிடமும் சொல்லிவிட்டேன். இந்த வருடம் மும்மணி ஆராதனைக்கு நான் வர இயலாது என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்றேன். அவர் என்னை விட வயதில் இளையவர், என்னிடம் தமிழ் படித்தவர். "போய் முடியுங்கள், ஐயா" என்றார்.

உன் திருமணத்துக்கு முன் பூச்சு காய்ந்துவிடும். நீ உன் மனைவியைச் சந்து வழியாகவே அழைத்து வா, அவள் தலைக்குமேல் ஒன்றும் விழாது. மூன்று மணிக்கு அவளுக்கு ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்பதை நீ முடிவு செய். சுவரில் பொருள் தேடாதே என்று மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன். அவள் ஒன்றைக் கேட்டதாகச் சொன்னால், முதலில் அவள் பயன்படுத்தும் சொல்லைக் கவனமாகக் கேள்.

புது வலையைச் சோலைமலை மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தான். கீழ்ப்பக்கம் காற்றில் ஆடுகிறது. இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாதாம். ஒருவர் வலையை இழுத்துச் சுவரோடு அணைத்துப் பிடித்தால்தான் மற்றவர் ஆணியை நேராக வைக்க முடியுமாம், இல்லாவிட்டால் ஆணி மடங்குமாம், விரல் நசுங்குமாம். உதவிக்கு ஓர் ஆளைக் கூட்டி வரவா என்று கேட்டான்.

வேண்டாம், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.